கண்ணுக்குத் தெரியாததை அளந்தவர்: ஜகதீச சந்திர போஸ்

ஆரணியில் பிறந்து வளரும் பிள்ளைகளுக்குப் பட்டு நூலின் மென்மையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அந்த இழையின் பருமனை அடிக்கோல் கொண்டு அளக்க எவராலும் இயலாது. ஆகவே 9,000 மீட்டர் நீளமுள்ள நூலின் எடை எத்தனை கிராம் என்று கணக்கிட்டு, அந்த எண்ணையே அந்நூலின் டெனியர் என்று வழங்குகின்றனர். நேரே அளக்க முடியாத ஒன்றை வேறொரு வழியால் அளந்தறியும் இந்த முறை நம் ஊரில் அன்றாடம் பேசப்படுவது. அன்றாடம் பேசப்படுவதாலேயே அதன் அருமையை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

அறிவியல் வரலாற்றைப் படிப்போர்க்கு ஓர் உண்மை விளங்கும். புதிய அளவுகருவி ஒன்று தோன்றிய பின்னரே பல துறைகளில் புதிய அறிவு தோன்றியுள்ளது. தொலைநோக்கி வந்த பின் வானம் விரிந்தது. நுண்ணோக்கி வந்த பின் நீர்த்துளிக்குள் உயிர்கள் தெரிந்தன. ஆயினும் கருவியைச் செய்து முடிப்பதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. அது காட்டுகின்ற அளவு பொருளின் உண்மை அளவா, அன்றிக் கருவியின் குறையால் விளைந்த மயக்கமா என்று ஐயுறுவோர் எழுவர். அவர்கள் முன் அக்கருவியை வைத்து மெய்ப்பித்தல் வேண்டும். இவ்விரண்டு பணிகளையும் அடிமை இந்தியாவில், போதிய ஆய்வுக்கூடமும் பொருளுதவியும் இன்றிச் செய்து காட்டிய பெருமகனார் ஜகதீச சந்திர போஸ். அவர் வரலாறு நம் சங்கத்து இளைஞர்கள் அறிந்திருக்க வேண்டிய ஒன்றாகும்.

இளமையும் கல்வியும்

ஜகதீசர் 1858ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் கிழக்கு வங்காளத்தில் பிறந்தார். அப்பகுதி இன்று வங்காளதேசத்தில் உள்ளது. தந்தையார் பகவான் சந்திர போஸ், ஃபரீத்பூரில் துணை மாஜிஸ்திரேட்டாகப் பணியாற்றியவர். அக்காலத்தில் அத்தகைய அலுவலர்கள் தம் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்புவதே வழக்கம். பகவான் சந்திரரோ தம் மகனைத் தாய்மொழியில் கற்பிக்கும் பள்ளிக்கு அனுப்பினார். அங்கே தந்தையாரின் முஸ்லிம் ஏவலரின் மகன் ஒருபுறமும், மீனவர் ஒருவரின் மகன் மறுபுறமும் அமர ஜகதீசர் பாடம் கேட்டார். பறவைகளையும் விலங்குகளையும் நீர்வாழ் உயிர்களையும் பற்றி அத்தோழர்கள் சொன்ன கதைகளே தமக்கு இயற்கையில் ஆர்வத்தை ஊட்டின என்று பிற்காலத்தில் அவர் நன்றியோடு நினைவுகூர்ந்துள்ளார். பள்ளி விட்டு வீடு திரும்பும்போது உடன் வந்த அத்தோழர்களுக்கும் தம் மகனுக்கும் வேற்றுமை பாராது அன்னையார் உணவளித்தார். தாழ்ந்த சாதி என்றொரு பிரிவு உண்டு என்னும் எண்ணமே தம் இளமையில் தமக்கு எழவில்லை என்றும் அவர் கூறியதுண்டு.

பின்னர்க் கல்கத்தாவில் செயின்ட் சேவியர் கல்லூரியில் பயின்றார். அங்கு இயற்பியல் கற்பித்த லாஃபான் பாதிரியார், சோதனைகளைச் செய்து காட்டிப் பாடம் நடத்துவதில் வல்லவர். 1880இல் ஜகதீசர் மருத்துவம் படிக்க இலண்டன் சென்றார். உடல்நலம் இடம் கொடுக்கவில்லை. எனவே கேம்பிரிட்ஜ் சென்று இயற்கை அறிவியல் பயின்றார். அங்கே அவருக்கு வாய்த்த ஆசிரியர்களுள் ஒருவர் ராலே பிரபு. நுட்பமான அளவீடுகளில் உலகப் புகழ் பெற்ற அப்பேரறிஞரிடம் பயின்றது, ஜகதீசரின் பிற்கால ஆய்வுக்கு உரமாக அமைந்தது எனலாம்.

பிழையான அளவை மறுத்தல்

1885இல் தாயகம் திரும்பிய ஜகதீசர் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக அமர்த்தப் பெற்றார். அக்காலத்தில் ஒரே பதவியில் இருந்தாலும் ஐரோப்பியருக்குரிய ஊதியத்தில் மூன்றில் இரண்டு பங்கே இந்தியருக்கு அளிக்கப்பட்டது. ஜகதீசரின் நியமனம் தற்காலிகமானது என்பதால் அதிலும் பாதியே அவருக்கு உரியதாயிற்று. அஃதாவது, ஒரே வகுப்பறையில் ஒரே பாடத்தை நடத்தும் ஐரோப்பியர் மூன்று ரூபாய் பெற்றால் இவர் ஒரு ரூபாய் பெற வேண்டும்.

இதனை அவர் ஏற்கவில்லை. வேலையைத் துறக்கவும் இல்லை. நாள்தோறும் கல்லூரிக்குச் சென்று குறைவின்றிப் பாடம் நடத்தினார். குறைந்த ஊதியத்தை மட்டும் தொட மறுத்துவிட்டார். இவ்வாறு மூன்றாண்டுகள் கழிந்தன. அவை எளிய ஆண்டுகள் அல்ல. தந்தையார் பொதுநல நோக்குடன் தொடங்கிய தொழில் முயற்சிகளில் பொருளிழந்து கடன்பட்டிருந்தார். 1887இல் ஜகதீசருக்குத் திருமணமும் நடந்தது. அவர் துணைவியார் அபலா அம்மையார் நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர் என்பது நாம் அறிந்து மகிழத்தக்க செய்தி. உடல்நலக் குறைவால் அப்படிப்பை அம்மையாரால் நிறைவு செய்ய இயலவில்லை. எனினும் பிற்காலத்தில் வங்கப் பெண்களின் கல்விக்காக 1919இல் ஒரு சங்கம் கண்டு அரும்பணி ஆற்றினார்.

மூன்றாண்டுகளுக்குப் பின் கல்லூரி நிர்வாகம் இறங்கி வந்தது. அவருடைய பதவி நிலையாக்கப்பட்டது. முதல் நாளிலிருந்தே முழு ஊதியமும் கணக்கிட்டு வழங்கப்பட்டது. அத்தொகை தந்தையாரின் கடனைத் தீர்க்க உதவிற்று. உழைப்பை அளக்க வேண்டிய இடத்தில் தோலின் நிறத்தை அளந்த ஓர் அளவுகோலை, தம் கடமையில் ஒரு நாளும் தவறாமலே அவர் முறியடித்தார்.

தகரத் தொழிலாளியின் கைவண்ணம்

மாநிலக் கல்லூரியில் அவருக்கு வாய்த்த ஆய்வுக்கூடம் இருபத்து நான்கு சதுர அடி பரப்புள்ள ஒரு சிற்றறை. கருவி செய்ய அவருக்குத் துணையாக நின்றவர் ஒரு தகரத் தொழிலாளி. அவர் அறிவியல் கருவி செய்யும் பயிற்சி பெற்றவர் அல்லர். ஜகதீசர் வரைந்து காட்ட, அவர் வெட்டி, வளைத்து, பற்றவைத்துக் கொடுத்தார். உலகத்தை வியக்க வைத்த கருவிகள் இவ்வாறு உருவாயின.

ஜெர்மானிய அறிஞர் ஹெர்ட்ஸ் 1888இல் மின்காந்த அலைகளைக் கண்டு காட்டியிருந்தார். அவ்வலைகள் ஒளியைப் போலவே தெறிக்கும், விலகும் என்பதை நுட்பமாக அளந்தறிய வேண்டியிருந்தது. ஹெர்ட்ஸ் பயன்படுத்திய அலைகள் நீளமானவை. அவற்றுக்கேற்பக் கருவிகளும் பெரியவையாக இருந்தன. அலையின் நீளத்தைச் சுருக்கினால் கருவியும் சிறிதாகும், அளவும் துல்லியமாகும் என்று ஜகதீசர் கண்டார். 1894இல் ஆய்வைத் தொடங்கிச் சில மில்லிமீட்டர் நீளமேயுள்ள அலைகளை உண்டாக்கினார். அவற்றை அனுப்பும் குழாய்களையும், விலக்கும் முப்பட்டகங்களையும், உணரும் கருவியையும் தாமே அமைத்தார். முறுக்கிய சணல் நாரையும், தாள்களுக்கிடையே தகரத் தகடு செருகிய ஒரு பழைய ரயில்வே கால அட்டவணைப் புத்தகத்தையும்கூட அவ்வாய்வில் அவர் பயன்படுத்தினார். கருவித் தொகுதி முழுவதும் ஒரு மேசையின் மீது அடங்கியது. கந்தகம், கண்ணாடி போன்ற பொருள்களில் அவ்வலைகள் எவ்வளவு விலகுகின்றன என்பதை அக்கருவியால் அளந்து வெளியிட்டார்.

1895இல் கல்கத்தா நகர மண்டபத்தில் இவ்வலைகளைச் சுவரைக் கடந்து செலுத்தி, அப்பால் இருந்த மணியை ஒலிக்கச் செய்தும் வெடிமருந்தை வெடிக்கச் செய்தும் காட்டினார். 1896இல் இலண்டன் பல்கலைக்கழகம் அவருக்கு அறிவியல் முனைவர் பட்டம் அளித்தது. 1897 ஜனவரியில் இலண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் உரையாற்றும் சிறப்பும் கிடைத்தது.

களைத்த கருவி காட்டிய வழி

இவ்வாய்வின்போது ஒரு புதுமை நிகழ்ந்தது. அலைகளை உணரும் கருவி நெடுநேரம் வேலை செய்தபின் உணர்ச்சி குன்றியது. ஓய்வு கொடுத்தபின் மீண்டும் பழைய நிலையை அடைந்தது. மற்றொருவராயின் கருவி பழுதுற்றது என்று அதனை ஒதுக்கிவிட்டிருப்பார். ஜகதீசர் அக்களைப்பையே அளந்து வரைபடமாக்கினார். அந்த வரைபடம், களைத்த தசையின் வரைபடத்தை ஒத்திருந்தது. உயிருள்ளதும் உயிரற்றதும் தூண்டுதலுக்கு எவ்வாறு எதிர்வினை காட்டுகின்றன என்னும் வினா இவ்வாறு பிறந்தது. இரண்டுக்கும் இடையே நிற்பது செடி அல்லவா? இயற்பியல் பேராசிரியர் செடியின் பக்கம் திரும்பினார்.

அங்கேதான் எதிர்ப்பும் கிளம்பிற்று. 1901 ஜூன் மாதம் இலண்டன் ராயல் சொசைட்டியில் அவர் தம் முடிவுகளைப் படித்தபோது, இயற்பியலார் ஒருவர் உடலியலார் எல்லைக்குள் புகுவதை அத்துறையின் மூத்த அறிஞர்கள் ஏற்கவில்லை. அக்கட்டுரை அச்சேறாமல் நின்றது. ஜகதீசர் முடிவை மாற்றிக்கொள்ளவும் இல்லை, மனம் தளரவும் இல்லை. செடியே தன் கையெழுத்தைப் போட்டுக் காட்டினால் ஐயம் தீரும் என்று கருதி, அதற்கான கருவிகளைச் செய்வதில் ஈடுபட்டார்.

உராய்வு என்னும் பகை

செடியின் அசைவு மிகச் சிறிது. அதனைப் பெரிதாக்கி எழுத மெல்லிய நெம்புகோல் ஒன்று வேண்டும். அதன் முனை புகை படிந்த கண்ணாடித் தகட்டில் கோடு இழுக்கும். ஆனால் முனை தகட்டின் மீது உராயும்போது அவ்வுராய்வே செடியின் அசைவை விழுங்கிவிடும். அளக்க வந்த கருவியே அளவைக் கெடுத்துவிடும் நிலை இது.

இதற்கு ஜகதீசர் கண்ட தீர்வு எளிமையானது. எழுதுமுனையை இடைவிடாது தகட்டில் உராய விடாமல், குறித்த கால இடைவெளியில் தொட்டுத் தொட்டு மீளச் செய்தார். கோட்டுக்குப் பதிலாகப் புள்ளிகள் விழுந்தன. உராய்வு ஒழிந்தது, அன்றியும் புள்ளிக்கும் புள்ளிக்கும் உள்ள காலம் தெரிந்திருந்தமையால் அப்புள்ளிகளே கடிகாரமாகவும் விளங்கின. தொட்டாற்சுருங்கி தூண்டுதலை உணர்ந்து அசையத் தொடங்குவதற்கு ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான காலமே ஆகிறது என்பதை இம்முறையால் அளக்க முடிந்தது.

இதன் வழியில் எழுந்ததே கிரெஸ்கோகிராப் என்னும் வளர்ச்சிமானி. செடி ஒரு விநாடிக்கு ஏறத்தாழ ஓர் அங்குலத்தில் இலட்சத்தில் ஒரு பங்கு வளர்கிறது என்று கொள்வோம். ஒரு நாளைக்கு 86,400 விநாடிகள். ஆகவே நாள் முழுதும் வளர்ந்தாலும் அச்செடி ஓர் அங்குலத்தை எட்டாது. ஜகதீசர் இரண்டு நெம்புகோல்களை இணைத்தார். முதலாவது நூறு மடங்கு பெரிதாக்கும்; இரண்டாவது அதனை மீண்டும் நூறு மடங்கு பெரிதாக்கும். ஆகப் பதினாயிரம் மடங்கு. இப்போது ஒரு விநாடி வளர்ச்சி அங்குலத்தில் பத்தில் ஒரு பங்காகக் கண்ணுக்குத் தெரியும். பின்னர் காந்த ஊசியையும் அதில் பொருத்திய சிறு கண்ணாடியையும் கொண்டு ஒளிப்புள்ளியை நகரச் செய்யும் காந்த வளர்ச்சிமானியை அமைத்து, ஒரு கோடி மடங்கு வரை பெரிதாக்கினார். அதன்படி பார்த்தால் ஒரு விநாடி வளர்ச்சி நூறு அங்குலம், அஃதாவது எட்டடிக்கும் மேல். உரமோ நஞ்சோ இட்டால் பயன் என்ன என்பதைச் சில நிமிடங்களில் கண்டுவிடலாம். வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டுவதில்லை.

கருவியைச் செய்தவரே அதன் முதல் ஐயவாதியாகவும் இருந்தார். செடி இருந்த இடத்தில் உயிரற்ற குச்சியை வைத்துப் பார்த்தார். பதிவு மேலேறாமல் கிடையாகச் சென்றது. செடி வளரும் அதே வேகத்தில் அதனைக் கீழே இறக்கிப் பதிவைச் சமநிலையில் நிறுத்தும் மற்றொரு கருவியையும் செய்தார். தராசின் முள் நடுவில் நிற்பது போன்றது அது; வளர்ச்சியின் வேகத்தில் சிறு மாறுதல் நேர்ந்தாலும் சமநிலை குலைந்து காட்டிவிடும்.

எதிர்ப்போர் முன் ஒரு சோதனை

1917 நவம்பர் 30ஆம் நாள், தம் பிறந்த நாளன்று, கல்கத்தாவில் போஸ் ஆராய்ச்சி நிலையத்தை அவர் நிறுவினார். அங்கு கண்டறியப்படுபவை அனைவருக்கும் உரியன என்பது அவர் கொள்கை. இதன் பின்னரே அவர் வாழ்வின் பெரிய சோதனை வந்தது.

1920இல் அவர் இலண்டனில் இருந்தபோது, வாலர் என்னும் உடலியல் அறிஞர் பத்திரிகை வாயிலாக ஐயம் எழுப்பினார். வாலர் எளியவர் அல்லர். மனித இதயத்தின் மின் துடிப்பை 1887இலேயே பதிவு செய்து காட்டிய பெருமைக்குரியவர். ஒரு கோடி மடங்கு பெரிதாக்கும் கருவி உண்மையில் வளர்ச்சியைத்தான் காட்டுகிறதா, வேறு இயற்பியல் மாறுதல்களைக் காட்டுகிறதா என்பது அவ்வையத்தின் சாரம். உடலியல் ஆய்வுக்கூடம் ஒன்றில் அறிஞர்கள் முன் சோதித்துக் காட்ட வேண்டும் என்று அவர் அறைகூவினார்.

ஜகதீசர் இதனை ஏற்றார். 1920 ஏப்ரல் 23ஆம் நாள் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் சோதனை நிகழ்ந்தது. பார்வையாளராக வந்தோர் ராலே பிரபு, பேலிஸ், பிளாக்மன், கிளார்க், கிளின்டன், டோனன் ஆகியோர். இந்த ராலே பிரபு, ஜகதீசரின் ஆசிரியர் ராலே பிரபுவின் மைந்தர். ஆசிரியர் முந்திய ஆண்டே மறைந்திருந்தார். இயற்பியல், உடலியல், தாவரவியல், வேதியியல் எனப் பல துறைக் கண்கள் ஒரே கருவியை நோக்கின. தாவரத் திசுவின் வளர்ச்சியை அக்கருவி பிழையின்றிக் காட்டுகிறது, பத்து இலட்சம் முதல் ஒரு கோடி மடங்கு வரை பெரிதாக்கிக் காட்டுகிறது என்று அவ்வறிஞர்கள் கையொப்பமிட்ட மடல் மே 4ஆம் நாள் இலண்டன் டைம்ஸ் இதழில் வெளிவந்தது. அதே ஆண்டில் ராயல் சொசைட்டி அவரைத் தன் உறுப்பினராக ஏற்றது. பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் அவர் கட்டுரையை அச்சிடாமல் நிறுத்திய அதே சபை அது.

1937 நவம்பர் 23ஆம் நாள், எழுபத்தொன்பதாம் பிறந்த நாளுக்கு ஒரு வாரம் இருக்கையில், கிரிதிஹ் என்னும் ஊரில் அவர் உயிர் நீத்தார்.

காலம் அளித்த தீர்ப்பு

ஒருவரைப் போற்றுவதற்காக உண்மையை மிகைப்படுத்தல் ஆகாது. ஜகதீசர் கூறியவை யாவும் இன்று ஏற்கப்படவில்லை. மரத்தில் நீர் மேலேறுவதற்கு உயிரணுக்களின் துடிப்பே காரணம் என்று அவர் கருதினார். இலைகளில் நீர் ஆவியாவதால் உண்டாகும் இழுவிசையே முதற்காரணம் என்பது இன்றைய அறிவியல். உலோகங்களுக்கும் உயிர்களுக்கும் அவர் கண்ட ஒற்றுமையும் அவர் எண்ணிய அளவில் நிலைபெறவில்லை. ஆனால் செடிகளின் உடலில் மின் அறிகுறிகள் ஓடுகின்றன என்பது இன்று ஐயத்திற்கு இடமில்லாத உண்மை. அவர் ஆண்ட மில்லிமீட்டர் அலைகளை இன்றைய தகவல் தொடர்பு பெரிதும் நாடுகிறது. அந்த ஆய்வை உலக மின்பொறியாளர் அமைப்பான ஐ.இ.இ.இ. 2012இல் வரலாற்றுச் சிறப்புடையதாக அறிவித்தது. அவருடைய விளக்கங்கள் சில பொய்த்தன. அவர் கருவிகள் எழுதிய அளவுகள் நின்றன. அளவும் விளக்கமும் வேறு வேறு என்பதை அறிவியல் மாணவர் மறத்தல் கூடாது.

இளைஞர்க்கு ஒரு வேண்டுகோள்

நம் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்யும் இவ்வேளையில், இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்கது யாது? நம் பாட்டனும் பூட்டனும் எந்தத் தெருவில் பிறந்தனர் என்பதைக் கொண்டு அவர்தம் தகுதி அளக்கப்பட்டது. அது பிழையான அளவுகோல் என்று அவர்கள் உள்ளம் அறிந்திருந்தது. எடுத்துச் சொல்லும் இடத்தில் அவர்கள் நிற்க விடப்படவில்லை. படித்த தலைமுறையாகிய நீங்கள் அவ்விடத்தில் நிற்கிறீர்கள். எவரேனும் உங்களை மதிப்பிட முற்படும்போது, எதைக் கொண்டு அளக்கிறீர்கள் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அவ்வாறு கேட்பவர் தம் வேலையில் குறை வைக்காதவராகவும், தம்மைச் சோதனைக்கு உட்படுத்த அஞ்சாதவராகவும் இருத்தல் வேண்டும். மூன்றாண்டு ஊதியமின்றிப் பாடம் நடத்தியவரும், எதிர்ப்போர் முன் கருவியை வைத்தவரும் ஒருவரே அல்லரோ?

இன்னொன்றும் கூறுவேன். கைத்தொழில் தெரிந்த வீடுகளில் பிறந்த நம் பிள்ளைகள் அதனைத் தாழ்வாக எண்ணுகின்றனர். ஒரு தகரத் தொழிலாளியின் கை இல்லையேல் கல்கத்தாவில் அந்த அலைகள் எழுந்திரா. நூலின் இழுவிசையையும் சாயத்தின் பக்குவத்தையும் விரலாலும் கண்ணாலும் அறிந்த மரபினர், நாளை அவற்றை அளக்கும் கருவியையும் செய்யலாம். அதற்குக் கணிதமும் அறிவியலும் வேண்டும். பள்ளியில் செய்முறை வகுப்பைத் தட்டிக் கழிக்காத பழக்கமும் வேண்டும்.

திருகு அளவியைக் கையில் எடுக்கும் மாணவன் கம்பியை அதில் வைப்பதற்கு முன் சுழிப்பிழை உண்டா என்று பார்க்க வேண்டும் என்பது ஆசிரியர்கள் சொல்லும் முதற்பாடம். பலர் அதனை மதிப்பெண்ணுக்காக எழுதி வைத்து மறந்துவிடுகின்றனர். நம் பிள்ளைகள் அதனைச் செய்து பழகட்டும்.